ஒரு வேளை கடை, ஒரு வேளை வீடு: மதுரை, குற்றாலம், நெல்லை

ஜூலை 10, வியாழன். மதுரை, இரவு

பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போனால் காசும் ருசியும் பெரிய பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. ஒருவருக்கு ஏழு மணிக்கே வயிறு கத்தும், இன்னொருவருக்கு ஒன்பதரை ஆனாலும் பசிக்காது. தெற்கே போனால் கூடவே இன்னொரு சங்கடம்: ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி நேரம் உண்டு. கறித்தோசை இருட்டிய பிறகு, அல்வா சாயங்காலம், புரோட்டா கல் சூடேறியதும். அதனால் இந்தப் பயணத்துக்குப் போட்ட ஏற்பாடு, தினம் ஒரு வேளை கடை, ஒரு வேளை வீட்டுச் சமையல் அல்லது கட்டுச்சோறு. கடைக்கு அதன் நேரத்தில் போவது, நம்முடைய பசியை வீட்டுச் சோற்றால் பார்த்துக்கொள்வது.

முதல் நிறுத்தம் சிம்மக்கல் பக்கம் கறித்தோசை. ஏழரைக்குள் போய்விட வேண்டும். கொத்துக்கறி அப்போதுதான் இறங்கியிருக்கும்; மிளகும் சின்ன வெங்காயமும் சுருண்டு ஈரமில்லாமல் இருக்கும். தடிமனாக ஒரு தோசை ஊற்றி, அது பாதி வேகும்போது அடித்த முட்டையை ஊற்றிப் பரப்பி, முட்டை கெட்டிப்படும் முன் கறியை அள்ளிப் போட்டு அழுத்தி, ஒரே திருப்பாகத் திருப்புகிறார் மாஸ்டர். எல்லாம் கறியின் பக்குவத்தில்தான் இருக்கிறது. குழம்போடு அள்ளிப் போட்டால் முட்டை பிடிக்காது, திருப்பும்போது கறி தனியே கல்லில் சிதறும், தோசையும் ஊறிப்போகும். ஒன்பதரைக்கு மேல் போனால் சட்டியின் அடியில் கிடப்பதைத் தண்ணீர் தெளித்துச் சூடாக்குவார்கள். அப்போது நடப்பது இதுதான்.

ஒன்று 220 ரூபாய். தலைக்கு ஒன்று என்று சொல்லப் போனபோது சப்ளையர் தடுத்தார். “ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும்ணே. மொத நாலு வாங்குங்க, பெறகு பாப்போம்.” சொன்னது சரி. ஐந்தாவது வரவேண்டிய தேவையே இல்லை. குறைவாக வாங்கச் சொல்லும் சப்ளையரைப் பார்த்தால் அந்தக் கடையை நம்பலாம்.

கறி சாப்பிடாதவர்களுக்குத் தனியாக அலைய வேண்டாம். மதுரையில் பத்தரை மணிக்கும் தெருவோரத்தில் இட்லித் தட்டு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். துணி விரித்து ஊற்றிய இட்லி, ஒன்று பத்து ரூபாய், கூட நாலு சட்னி. துணியைக் கவிழ்த்து மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரிப்பதைப் பாருங்கள். தெளிக்காமல் இழுத்தால் பாதி இட்லி துணியோடு போகும்.

ஜிகர்தண்டாவை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாங்கியது வயிற்றுக்கு அதிகம். அது மத்தியான வெயிலுக்கான பண்டம். விளக்குத்தூண் பக்கம் மூன்று மணிக்குக் குடிப்பதே முறை. அடியில் ஊறிய பாதாம் பிசின், அதன் மேல் நன்னாரி, சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், உச்சியில் ஐஸ்கிரீம். அடியிலிருந்து நன்றாகக் கலக்கிவிட்டுக் குடியுங்கள். இல்லையென்றால் முதல் பாதி வெறும் பால், கடைசி வாய் வெறும் சர்பத். வீட்டில் செய்பவர்களுக்கு ஒன்று: பிசினை முந்தின இரவே ஊறப் போடுங்கள், ஒரு டீஸ்பூனே ஒரு கிண்ணம் நிறைய உப்பிவிடும். சரியாக ஊறாத பிசினின் நடுவில் கல் மாதிரி ஒரு முண்டு நிற்கும்.

ஜூலை 11, வெள்ளி. திருவில்லிபுத்தூர் வழியாகத் தென்காசி

இன்று மத்தியானம் கட்டுச்சோறு. பத்துப் பேருக்கு முக்கால் கிலோ அரிசியில் புளியோதரை, அரைக் கிலோவில் தயிர்ச்சோறு.

புளிக்காய்ச்சல் முந்தின நாளே ஆனது. நூறு கிராம் புளிக்குக் கெட்டிக் கரைசல், 150 மில்லி நல்லெண்ணெய். கடுகு, கடலைப்பருப்பு, வற்றல், நிலக்கடலை, பெருங்காயம் தாளித்துக் கரைசலை ஊற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை கொதிக்க விட வேண்டும். பிரியாமல் இறக்கினால் பச்சைப்புளி வாடை போகாது, சோறும் சீக்கிரம் கெடும். மல்லி, வற்றல், எள், அரை டீஸ்பூன் வெந்தயம் வறுத்துப் பொடித்துக் கடைசியில். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசந்துவிடும். கட்டுச்சோறு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் சுடச்சுட மூடி வைப்பது. சோற்றை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகுதான் காய்ச்சலைக் கலந்து தூக்கில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டுகிற தண்ணீரே போதும்.

தயிர்ச்சோற்றில் தயிர் பேருக்குத்தான். குழைந்த சோற்றில் ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான பால், இரண்டு கரண்டி தயிர். காலை ஏழுக்குப் பிசைந்தது ஒரு மணிக்கு உறைந்து சரியான புளிப்பில் நிற்கும். முழுக்கத் தயிர் விட்டால் கார் சூட்டில் பதினொன்றுக்கே புளித்துப் பொங்கும். இஞ்சி, பச்சை மிளகாய் போதும். வெங்காயமும் வெள்ளரியும் வேண்டாம், தண்ணீர் விடும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலைத் தவிர்த்துப் பருப்புத் துவையல், மோர் மிளகாய், மாவடு. வாழை இலையை அடுப்புத் தணலில் ஒரு முறை வாட்டி எடுத்தால் மடிக்கும்போது கிழியாது.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தெருக்களில் பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. அன்று கிண்டியது விரலில் நசுக்கினால் குருணை குருணையாகப் பிரியும். வழவழவென்று ஒட்டினால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. இளஞ்சூட்டோடு பொட்டலம் கட்டித் தந்தால் காரில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

ராஜபாளையம் தாண்டி, மேற்கே மலை கூடவே வரும் சாலையில் ஒரு மாந்தோப்பு. ஓரமாக உட்காரக் காவல்காரப் பெரியவரிடம் கேட்டோம். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர், துடைப்பம். நிழலைக் கூட்டிவிட்டு, “சருகுக்குள்ள பூச்சி பொட்டு கெடக்கும்” என்றார். இலை போட்டுக் கொடுத்ததற்கு உட்காரவில்லை. தூக்குச்சட்டி மூடியை நீட்டிப் புளியோதரையை மட்டும் வாங்கிக்கொண்டார். தயிர்ச்சோறு அவரிடமே இருந்ததாம்.

சாயங்காலம் செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர். சாரல் ஆரம்பித்துவிட்டது. குடையும் பிடிக்க முடியாத, நனையவும் செய்யாத ஒரு தூறல். இங்கே புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தருவது வழக்கம். சிறிதாக வெட்டிய நாட்டுக்கோழி வறுவலும் காடையும் கூட. முழுப் புரோட்டா வேண்டுமென்றால் முன்னமே சொல்லிவிட வேண்டும்.

பத்துப் பேருக்கு இருபது புரோட்டாவை ஒரே தடவையில் சொல்லாதீர்கள். கல்லிலிருந்து எடுத்த நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடிப்பதில்தான் லேயர் பிரியும். மொத்தமாகக் கேட்டால் அந்த அவசரத்தில் அடிக்காமலே வந்துவிடும், ஆறியதும் தோல் மாதிரி இழுக்கும். தலைக்கு ஒன்றாக இரண்டு சுற்று, பிறகு தேவைக்கு. ஒரு கடையில் கூட்டம் அதிகம் என்று எங்களை மூன்று மேசைகளில் பிரித்து உட்கார வைத்தார்கள். ஒரே காடை இரண்டு பில்லில் ஏறியது. சொன்னதும் கழித்துவிட்டார்கள், ஆனால் அந்த முகத்தைக் கொஞ்சம் நல்லவிதமாக வைத்துக்கொண்டு கழித்திருக்கலாம். பிரிந்து உட்கார நேர்ந்தால் மேசைக்கு ஒரு பில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஜூலை 12, சனி. குற்றாலம், தென்காசி

காலையில் பேரருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை. ஐந்தருவி திறந்திருந்தது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது, வாசலிலேயே பையைப் பார்க்கிறார்கள்.

குளித்து வந்ததும் பசிக்கும் பாருங்கள், அதற்கு மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காப்பியும்தான் மருந்து. தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் கண்ணெதிரே சீவிப் பொரிக்கிறார்கள். அதைக் கையில் திறந்துகொண்டு நடக்கக் கூடாது. கூட்டத்தில் இருந்த ஆறு வயசுப் பையனிடமிருந்து ஒரு குரங்கு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஆமாம், பிடுங்காமல் வாங்கிக்கொண்டு, கடைக் கூரையில் உட்கார்ந்து தின்றது. சிப்ஸ் கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடி புதிதாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும். மங்குஸ்தானைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழி. ஓட்டை லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும். கட்டையாக இருந்தால் உள்ளே சுளை கெட்டிருக்கும். அடிப்பக்கம் பூப்போல ஒரு தழும்பு உண்டு. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலாக இருப்பதை எடுத்தால் சுளைகள் சின்னதாக, பெரும்பாலும் விதை இல்லாமல் இருக்கும். சாறு துணியில் பட்டால் போகாது, வெள்ளை வேட்டிக்காரர்கள் தள்ளி நில்லுங்கள்.

மத்தியானம் தென்காசியில் எடுத்திருந்த வாடகை வீட்டில் கூட்டாஞ்சோறு. பத்துப் பேருக்கு ஒரே பாத்திரம், கழுவுவதற்கும் ஒரே பாத்திரம். வீட்டுக்கார ஆச்சியே பெரிய உருளி தந்தார்.

அரிசி ஒரு கிலோ, துவரம்பருப்பு 300 கிராம். கத்தரி, முருங்கை, வாழைக்காய், அவரை, ஒரு புளிப்பு மாங்காய், எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் குறையாமல். முருங்கைக்கீரை இரண்டு கை அள்ளி. அரைக்க: ஒரு தேங்காய், பன்னிரண்டு வற்றல், இரண்டு டீஸ்பூன் சீரகம், பதினைந்து சின்ன வெங்காயம். மையாக அரைக்க வேண்டாம், கொரகொரப்பு போதும்.

ஐந்து லிட்டர் தண்ணீரில் மஞ்சளும் பருப்பும் போட்டு, பருப்பு பாதி வெந்ததும் அரிசியும் முருங்கை, வாழைக்காய், அவரையும். கத்தரியும் மாங்காயும் பின்னால், முன்பே போட்டால் கரைந்து காணாமல் போகும். புளியைக் கரைத்துக் கையில் எடுத்ததுமே ஆச்சி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “புளிய இப்பம் ஊத்தாத தாயி. அரிசி வேகாது பாத்துக்கோ.” உண்மைதான். புளிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பும் அரிசியும் விறைத்து நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு எரித்தாலும் நடு நறுக்கென்றே இருக்கும். முக்கால்வாசி வெந்த பிறகு எலுமிச்சை அளவு இரண்டு உருண்டைப் புளி, உப்பு, கத்தரி, மாங்காய். அது ஒரு கொதி வந்ததும் அரைத்தது. கீரை கடைசி ஐந்து நிமிடத்தில். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, வெங்காய வடகம் பொரித்துக் கொட்டி மூடி, பத்து நிமிடம் யாரும் திறக்கக் கூடாது.

அடி பிடிப்பதுதான் ஆபத்து, அதுவும் அரைத்ததைச் சேர்த்த பிறகு. தீயைக் குறைத்து அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். இறக்கும்போது கொஞ்சம் தளர இருக்கட்டும், இலைக்கு வரும்முன் இறுகிவிடும். ஒரு செம்பு வெந்நீர் பக்கத்தில் இருந்தால் இரண்டாம் பந்திக்கு உதவும். காரம் ஆகாத பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரைத்ததைச் சேர்க்கும் முன்பே ஒரு சட்டி தனியே எடுத்து, நெய் விட்டுக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

தொட்டுக்கொள்ளக் கூழ் வடகமும் அப்பளமும். காய் நறுக்க நாலு பேர், தேங்காய் துருவ ஒருவர், கீரை ஆயப் பிள்ளைகள், அடுப்படியில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. மூன்றாவது ஆள் வந்தால் உப்பு இரண்டு தடவை விழும். ஆச்சிக்கு ஒரு தூக்கு நிறையப் போனது. பாத்திரம் காலியாகத் திரும்பவில்லை, எலுமிச்சை ஊறுகாயோடு வந்தது.

இரவு யாருக்கும் பசி இல்லை. மோர்.

ஜூலை 13, ஞாயிறு. திருநெல்வேலி

தென்காசியிலிருந்து நெல்லைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சாரல் பாவூர்சத்திரத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெயிலும் காற்றும்.

இன்று உறவினர் வீட்டில் சொதி, தேங்காய்ப்பாலில் செய்யும் குழம்பு. நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஓட்டலிலும் கிடைக்கிறது, ஆனால் தேங்காய்ப்பால் விட்டுக் காலையில் செய்ததை மத்தியானம் திரும்பச் சூடாக்கினால் சொதி சொதியாக இருக்காது. இது வீட்டில், இறக்கிய அரை மணிக்குள் சாப்பிட வேண்டியது.

பத்துப் பேருக்கு மூன்று பெரிய தேங்காய். முதல் பால் கெட்டியாக, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்டுப் பிழிந்தது. இரண்டாம், மூன்றாம் பால் தனித்தனியாக. 150 கிராம் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்துக் கொள்ள வேண்டும். முருங்கைக்காய், உருளை, காரட், பீன்ஸ், பட்டாணி மூன்றாம் பாலில் வேகும். சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக வதக்கிச் சேர்த்து, பருப்பு, இரண்டாம் பால், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது. வற்றல், மிளகாய்ப்பொடி பக்கத்திலேயே வரக் கூடாது.

முதல் பால் ஊற்றியதும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சின்னத் தீ. ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும், அது சேரும் முன் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. எலுமிச்சைச் சாறு இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் திரியும். தாளிதம் சீரகமும் கறிவேப்பிலையும்.

இதற்குத் துணை இஞ்சிப் பச்சடி. இஞ்சி, புளி, வெல்லம். மூன்று தேங்காய்ப் பாலை வயிறு தாங்க வேண்டுமே! கூடவே உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாம்பாரும் ரசமும் அன்றைக்குக் கிடையாது, எல்லாச் சோற்றுக்கும் சொதிதான். பரிமாறுகிற அத்தை “போதுமா?” என்று கேட்பதே இல்லை. “இது ஆறிப்போச்சு, சூடா விடுதேன்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த கரண்டியை விட்டுவிடுகிறார். இலையை மறைக்கக் கை நீட்டினால் கைமேல் விழும், அவ்வளவுதான். உண்டபின் மூன்று மணி வரை வீடு முழுக்கப் பாய்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் அல்வா. ஐந்தரைக்கு முன்பே வரிசை நிற்கும், சரக்கு தீர்ந்தால் கடை மூடும். பத்துப் பேரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பேரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் கோயிலுக்குப் போய் வரலாம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரை, நெய். சுடச்சுட இலையில் நூறு கிராம் வாங்கி நின்றபடியே சாப்பிடுவது ஒரு ருசி, மறுநாள் பொட்டலத்தைப் பிரித்து நெய் உறைந்த ஓரத்தைக் கிள்ளுவது வேறொரு ருசி. எனக்கு மறுநாள்தான். வீட்டுக்கு வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ரப்பராக இறுகும். வெளியிலேயே நாள்கணக்கில் நிற்கும். அல்வாவுக்கு மேல் ஒரு கை மிக்சர் போடுவது ஊர் வழக்கம். அது இல்லாமல் இன்னொரு நூறு கிராம் இறங்காது.

ஜூலை 14, திங்கள். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்

திரும்பும் வழி நான்குவழிச் சாலை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், 2020-இல் இதற்கும் குறியீடு கிடைத்தது. உடைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பாகு முற்றவில்லை, பல்லில் ஒட்டும். சாத்தூரில் பூண்டு வாசத்தோடு காராச்சேவு, கால் கிலோ வாங்கியது விருதுநகர் வருவதற்குள் தீர்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டை ஒரு சாலையோர ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது சரிப்படவில்லை. இரண்டே முக்காலுக்கு இலை போட்டுவிட்டுக் கூட்டு, பொரியல் எல்லாம் முடிந்தது என்றார்கள். விலை மட்டும் முழுச் சாப்பாட்டுக்கு. பத்துப் பேர் போவதானால் ஒன்றரைக்குள் போக வேண்டும், அல்லது கிளம்பும்போதே ஒரு போன். நெல்லை வீட்டில் கட்டித் தருகிறோம் என்று சொன்ன எலுமிச்சைச் சோற்றை வேண்டாம் என்றவர்களைக் கார் முழுக்க எல்லோரும் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கோபத்தை விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா ஆற்றியது. சின்னச் சின்னதாகத் தட்டி, நடுவில் குழிந்த அகலக் கல்லில் எண்ணெய் நிறைய விட்டுப் பொரிக்கிறார்கள். ஓரத்தில் அடுக்கி வைத்து, வெந்ததும் குழிக்குள் தள்ளிச் சிவக்க விட்டு, கரண்டியால் அழுத்தி எண்ணெயை வடித்துத் தட்டில் போடுவார்கள். நொறுக்கிச் சால்னா ஊற்றினால் முதல் ஐந்து நிமிடம் மொறுமொறுப்பும் ஊறலும் சேர்ந்திருக்கும், அதற்கப்புறம் வெறும் எண்ணெய்தான் தெரியும். எனவே பாதி நொறுக்கிக்கொள்ளுங்கள், மீதியைச் சால்னாவில் தொட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு மூன்று தாராளம். ஒன்று இருபது ரூபாய்.

பார்சல் கேட்டபோது கல்லாவில் இருந்தவர் எவ்வளவு தூரம் போகிறோம் என்று விசாரித்தார். மதுரை என்றதும், “அம்பது கிலோமீட்டர் போறதுக்குள்ள நமத்துப் போயிரும். சாதாப் புரோட்டா வாங்கிட்டுப் போங்க, சால்னாவத் தனியாக் கட்டுறேன்” என்றார். அதையே வாங்கினோம். வீட்டில் தோசைக்கல்லைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சூட்டோடு கையால் அடித்துப் பிரித்தால் போதும். சால்னா இறுகியிருந்தால் வெந்நீர் விட்டு ஒரு கொதி.